சும்மா பார்த்துச் சொல்லுங்க

"அண்ணே, சும்மா ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணே." மெக்கானிக் கடை வாசல்ல நாம எல்லாரும் சொல்ற முதல் வாக்கியம் இதுதான். அவரும் கையில இருக்கிற வேலையை விட்டுட்டு வருவார். ரெண்டு தடவை ஆக்சிலரேட்டரை முறுக்கச் சொல்வார். தலையைச் சாய்ச்சுக் கேட்பார். "டைமிங் செயின் போயிருக்கு"ம்பார். அவ்வளவுதான், ஒரு நிமிஷத்துல தீர்ப்பு வந்தாச்சு. செலவு முப்பதாயிரம்.

என்னைப் பொறுத்தவரை, நாம வண்டிக்குப் பண்ற செலவுலயே ரொம்ப காஸ்ட்லியானது இந்த 'சும்மா'தான். பார்த்துச் சொல்றதுக்குன்னு தனியா காசு கொடுக்கணும். ரிப்பேர் பண்ணினாலும் சரி, பண்ணாம வீட்டுக்குத் திரும்பி வந்தாலும் சரி, கொடுக்கணும். ரொம்ப நாளா நண்பர்கள்கிட்ட இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன். இங்கேயும் திட்டுறவங்க முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க மக்களே :-)

(நான் படிச்சது மெக்கானிக்கல். பண்றது ஓ.எம்.ஆர்.ல ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள்ள உட்கார்ந்து ஆணி புடுங்குறது. ஸ்பேனர் புடிச்சதெல்லாம் காலேஜ் லேப்ல மட்டும்தான். அதனால இதை ஒரு மெக்கானிக்கோட கருத்தா எடுத்துக்க வேணாம், பில் கட்டுறவனோட கருத்தா எடுத்துக்குங்க.)

காரோட சம்பந்தமே இல்லாதவங்களுக்காக முதல்ல கொஞ்சம் பாடம். தெரிஞ்சவங்க ரெண்டு பத்தி தாண்டிக்கலாம்.

இன்ஜினுக்குக் கீழே கிராங்க் ஷாஃப்ட் சுத்துது. பிஸ்டன்களை ஏத்தி இறக்குறது அது. மேலே கேம் ஷாஃப்ட் சுத்துது. வால்வுகளைத் திறந்து மூடுறது இது. கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் சரியா ஒரு சுத்து சுத்தணும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இன்ஜின் 3000 ஆர்.பி.எம்.ல ஓடும்போது கிராங்க் ஒரு செகண்டுக்கு 50 சுத்து, கேம் 25 சுத்து. அதாவது ஒவ்வொரு வால்வும் ஒரு செகண்டுக்குள்ள 25 தடவை திறந்து மூடணும், அதுவும் பிஸ்டன் மேலே வந்து இடிக்கிறதுக்கு முன்னாடி. இந்த ரெண்டு ஷாஃப்டையும் கட்டிப்போட்டு வெச்சிருக்கிறதுதான் டைமிங் செயின். சில வண்டியில அதுக்குப் பதிலா ரப்பர் பெல்ட் இருக்கும். பெல்ட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு, இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு மாத்துன்னு மேனுவல்லயே போட்டிருப்பாங்க. செயின் இன்ஜினுக்குள்ளேயே, ஆயில்ல நனைஞ்சுகிட்டு ஓடுறது. "சார், செயின் சார், லைஃப் லாங் சார், தொடவே வேணாம்"னு ஷோரூம்ல சொல்வாங்களே, அது.

லைஃப் லாங் சரி, யாரோட லைஃப்? செயின் இழுபட்டு நீளுதுன்னு சொல்றது ஒரு பேச்சு வழக்குதான், உலோகம் ஒண்ணும் ஜவ்வு மிட்டாய் மாதிரி நீளுறதில்ல. ஒவ்வொரு கண்ணியிலயும் ஒரு பின் இருக்கு. அந்தப் பின் உராய்ஞ்சு உராய்ஞ்சு தேயுது. ஒரு கண்ணியில நூத்துல ஒரு மில்லிமீட்டர் தேய்ஞ்சா கண்ணுக்கே தெரியாது. நூறு கண்ணி இருக்கிற செயின்ல அது மொத்தமா ஒரு மில்லிமீட்டர் தொளதொளப்பு. அந்தத் தொளதொளப்பை இழுத்துப் பிடிக்க ஒரு டென்ஷனர் இருக்கு. பல இன்ஜின்கள்ல அது ஆயில் பிரஷர்ல வேலை செய்யும். செயின் உரசாம வழிநடத்துறதுக்கு பிளாஸ்டிக் முகம் வெச்ச கைடுகள் இருக்கு. இதுல எது தேய்ஞ்சாலும் சத்தம் வரும். செயின் ஒரு பல் தாண்டிக் குதிச்சாலோ அறுந்தாலோ வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். ராக்கர் உடையலாம், வால்வு வளையலாம், ராசியைப் பொறுத்து ஹெட்டே போகலாம்.

இப்போ என் வண்டி. 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. அதுக்குள்ள இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட், 1248 சி.சி. 2003-ல ஐரோப்பாவுல வந்து, 2005-ல அதோட பிரிவுல உலக அளவுல 'இன்ஜின் ஆஃப் தி இயர்' விருது வாங்கின இன்ஜின். 2007-ல நம்ம ஊர் ஸ்விஃப்ட்ல ஏறுச்சு. அப்புறம் டிசைர், ரிட்ஸ், எர்டிகா, டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட்டோட புன்ட்டோ, லினியான்னு எந்த பானெட்டைத் திறந்தாலும் இதுவேதான். 'இந்தியாவோட தேசிய இன்ஜின்'னு கிண்டலா ஒரு பேரே உண்டு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்தப்போ மாருதி டீசலையே கைகழுவிட்டாங்க. புதுசா வர்றது நின்னுபோச்சு, ஆனா ரோட்டுல இன்னும் எக்கச்சக்கமா ஓடுது. எல்லாம் வயசான வண்டிங்க, எல்லாத்துலயும் டைமிங் செயின். அதனால இது என் ஒருத்தன் கதை இல்ல.

ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டினதும் காலையில ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கத்துல 'கரகர'ன்னு ஒரு சத்தம், தகர டப்பாவுல கூழாங்கல்லைப் போட்டு ஆட்டின மாதிரி. ரெண்டு செகண்டுல நின்னுடும். நாள் ஆக ஆக அஞ்சு செகண்டாச்சு. மூணு இடத்துல காட்டினேன்.

முதல் இடம் பெரிய வொர்க் ஷாப், ஏ.சி. வெயிட்டிங் ரூம், காபி மெஷின் எல்லாம் உண்டு. அட்வைசர் பானெட்டைக்கூட முழுசா தூக்கலை. "டைமிங் செயின் கிட் சார், 31,000 ஆகும், நாளைக்கே விட்டுடுங்க." ரெண்டாவது எங்க ஏரியா கடை. "செயினெல்லாம் இல்ல சார், இன்ஜெக்டர் நாக்கிங். நாலையும் கழட்டி சர்வீஸ் பண்ணணும்." மூணாவதா நண்பன் சொல்லி ஒரு பாய்கிட்ட போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, கடைசியா ஆயில் எப்போ மாத்துனது, என்ன கிரேடு ஊத்துனது?" ரெண்டாவது கேள்வி, "ராத்திரி வண்டியை இங்கேயே விட்டுட்டுப் போவியா? காலையில குளிர்ந்த இன்ஜின்ல நான் கேட்கணும்."

"எவ்வளவு ஆகும் பாய்?"

"எதுக்கு?"

"பார்க்கிறதுக்கு."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான்தான் ஆயிரத்து ஐநூறு தர்றேன்னு சொன்னேன். அரை நாள் வேலைக்கு அது அதிகமே இல்ல.

அந்த அரை நாள்ல என்னென்ன பண்ணார்ங்கிறதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா நாம 'சும்மா'ன்னு சொல்றது இதைத்தான்.

ஆயில் கம்பியை இழுத்து அளவு பார்த்தார். அளவு குறைஞ்சாலோ, கிரேடு தப்பினாலோ, ஆயில் தாரா மாறியிருந்தாலோ டென்ஷனருக்குப் பிரஷர் போகாது. நல்ல செயினும் சத்தம் போடும். பல பேருக்கு வைத்தியம் இங்கேயே முடிஞ்சிடும். அடுத்து குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டார். ஸ்டார்ட் பண்ணின முதல் ஒண்ணு ரெண்டு செகண்ட் மட்டும் சத்தம் வந்து நின்னா டென்ஷனர்லேருந்து ராத்திரி ஆயில் வடிஞ்சு போயிருக்கலாம். சூடானப்புறமும் ஐடில்ல விடாம கேட்டா செயின் இல்லேன்னா கைடு மேல சந்தேகம் அதிகமாகுது. கிளட்சை மிதிச்சுப் பார்த்தார். மிதிக்கும்போது சத்தம் மாறினா அது கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கத்துப் பேரிங், செயினுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. அடுத்ததுதான் முக்கியம். ஆல்டர்னேட்டரையும் மத்ததையும் சுத்துற வெளி பெல்ட்டைக் கழட்டிட்டு, ஒரு நிமிஷத்துக்கும் குறைவா இன்ஜினை ஓடவிட்டார். பெல்ட்டைக் கழட்டினதும் சத்தம் போயிடுச்சுன்னா குற்றவாளி ஆல்டர்னேட்டர் பேரிங்கோ, ஐட்லர் புல்லியோ, வாட்டர் பம்போ. போகலேன்னா இன்ஜினுக்குள்ளே. என் வண்டியில போகலை.

அப்புறம் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பிடியைக் காதுல வெச்சுகிட்டு, முனையை டைமிங் கவர்ல ஒவ்வொரு இடமா வெச்சுக் கேட்டார். டாக்டர் முதுகுல ஸ்டெதஸ்கோப் வெச்சு "மூச்சை இழு"ம்பாரே, அதே ஸ்டைல். இன்ஜெக்டர் ஒவ்வொண்ணு மேலயும் வெச்சார். அங்கே ஒண்ணும் இல்ல. ஸ்கேனரை மாட்டினார். செயின் ரொம்ப தேய்ஞ்சு கேம் பின்தங்கினா, கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் சொல்ற கணக்கு ஒத்துப்போகாது. அப்போ பி-0016 மாதிரி ஒரு கோடு விழும். என் வண்டியில கோடு எதுவும் இல்ல. இதை வெச்சு "செயின் நல்லா இருக்கு"ன்னு அவர் சொல்லலை. "கோடு விழற அளவுக்கு இன்னும் போகலை, அவ்வளவுதான்"னார். கடைசியா ஆயிலை வடிச்சு, ஃபில்டரை அறுத்து விரிச்சுக் காட்டினார். உள்ளே பொடிப்பொடியா பழுப்புக் கலர்ல பிளாஸ்டிக் துணுக்கு. கைடு தேய்ஞ்சு உதிர்ந்தது.

ஆக, முதல் வொர்க் ஷாப் சொன்ன விடை சரிதான்! டைமிங் செயின் கிட்தான் மாத்தணும். ஆனா ஸ்டெப்ஸ் எழுதாம நேரா விடையை மட்டும் எழுதுற பையனுக்கு வாத்தியார் எவ்வளவு மார்க் போடுவார்? பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினானான்னுதானே சந்தேகப்படுவார்? அதே சந்தேகம்தான் எனக்கும். இந்த மாடல், இந்தக் கிலோமீட்டர், இந்தச் சத்தம்னா பத்துல ஏழு தடவை செயினா இருக்கலாம். மிச்ச மூணு தடவை அந்த 31,000 யாரோட காசு?

அந்த மூணுல ஒண்ணு எங்க தெருவுலயே இருக்கார். டாக்சி ஓட்டுற அண்ணன், டீசல் செடான். இதே மாதிரி முன்பக்கச் சத்தம். ஒரு கடையில செயின்னு சொல்லி 24,000 ரூபாய்க்கு மாத்தினாங்க. வண்டி நாலு நாள் கடையில நின்னுச்சு. டாக்சிக்காரருக்கு வண்டி நின்னா வருமானம் நின்னுச்சுன்னு அர்த்தம், ஆனா ட்யூ நிக்காது. கையில காசு இல்லாம தண்டல் வாங்கிக் கட்டினார். வண்டியை எடுத்துட்டு வந்தா மறுநாளே அதே சத்தம். கடைசியில இன்னொரு கடையில ஆல்டர்னேட்டர் பேரிங்னு கண்டுபிடிச்சு ரெண்டாயிரத்துக்குள்ள முடிச்சாங்க. பழைய கடையில போய்க் கேட்டதுக்கு, "செயினும் தேய்ஞ்சுதான்ணே இருந்துச்சு, எப்படியும் மாத்தவேண்டியதுதான்"னு பதில். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். பழைய செயின் எங்கேன்னு கேட்டா, அது காயலான் கடைக்குப் போயிடுச்சாம். மூணு மாசமா தினம் சாயங்காலம் வீட்டு வாசலுக்குத் தண்டல்காரர் வந்தார். அண்ணி அந்த நேரத்துக்குக் கதவைச் சாத்தி வெச்சிருந்ததை நானே பார்த்திருக்கேன்.

அந்தக் கடைக்காரர் ஏமாத்தினாரா? தெரியாது, யாராலயும் நிரூபிக்கவும் முடியாது. பிரச்சினையே அதுதான். பொருளாதாரத்துல இதுக்கு ஒரு பழைய ஆராய்ச்சியே இருக்கு. பழைய கார் சந்தையில விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியாதுங்கிறதை வெச்சு ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970-ல ஒரு கட்டுரை எழுதினார், 2001-ல அவருக்கு நோபல் கிடைச்சது. அதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அதைவிட நம்ம கதைக்குப் பொருத்தமானது 1973-ல டார்பி, கார்னின்னு ரெண்டு பேர் எழுதினது. சில பொருளை வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம், உதாரணத்துக்குப் புடவை. சிலதை வாங்கி அனுபவிச்சாத்தான் தெரியும், ஓட்டல் சாப்பாடு மாதிரி. மூணாவது வகை வாங்கி, காசு கொடுத்து, பயன்படுத்தினப்புறமும் அது தேவையா இருந்துச்சான்னே தெரியாது. ரிப்பேர் வேலை இந்த மூணாவது வகை. நோய் என்னன்னு சொல்றவரும் மருந்து விக்கிறவரும் ஒரே ஆளா இருக்கிற இடம்.

டாக்டர் உதாரணத்தையே எடுத்துக்குங்க. ஒரு டாக்டர் கன்சல்டிங் ஃபீஸ் வாங்கவே மாட்டார், ஆனா அவரோட சொந்த மெடிக்கல் ஷாப்ல வாங்குற மாத்திரையில மட்டும்தான் அவருக்கு வருமானம்னு வெச்சுக்குவோம். "உனக்கு ஒண்ணுமில்ல, வெந்நீர் குடி, சரியாயிடும்"னு சொன்னா அவருக்குப் பைசா கிடையாது. அவர்கிட்ட உங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போவீங்களா? நம்ம மெக்கானிக்கை அப்படி ஒரு டாக்டரா மாத்தி வெச்சிருக்கிறது நாமதான். அரை நாள் உட்கார்ந்து பார்த்து, "ஆயிலை மாத்து, ஓடும்"னு நேர்மையா சொன்னவருக்கு நாம கொடுக்கிறது "தேங்க்ஸ்ணே". ஒரு நிமிஷத்துல செயின் போச்சுன்னு சொன்னவருக்குக் கொடுக்கிறது முப்பதாயிரம். இதுல எது வளரும்?

நம்ம தொழில்ல இப்படி நடந்தா சும்மா இருப்போமா? புரொடக்‌ஷன்ல ஒரு பக் வருது. மூணு நாள் லாக் பார்த்து, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு, கடைசியில ஒரே ஒரு வரி மாத்தறோம். ஒரு வரிக்கு மட்டும் பில் போடுன்னு கிளையன்ட் சொன்னா எப்படி இருக்கும்? மூணு நாளையும் டைம்ஷீட்ல 'ரூட் காஸ் அனாலிசிஸ்'னு ஜம்முனு எழுதி, டாலர்ல வாங்குறோம். அதே ஆள் சனிக்கிழமை மெக்கானிக் கடையில நின்னுகிட்டு "பார்க்கிறதுக்கெல்லாம் காசா?"ன்னு கேட்கிறோம். அடங்கொக்கமக்கா!

ஆன்சைட் போன நண்பர்கள் சொல்லியிருப்பாங்க, அமெரிக்காவுல டயக்னாஸ்டிக் ஃபீஸ் தனியா வாங்குறது சாதாரணம். கலிஃபோர்னியாவுல 1971-லயே இதுக்குன்னு ஒரு சட்டம் போட்டு, மேற்பார்வைக்குத் தனி அமைப்பும் வெச்சுட்டாங்க. எழுத்துல எஸ்டிமேட் கொடுக்காம வேலை தொடங்கக்கூடாது, கழட்டின பார்ட்டை முன்கூட்டியே கேட்டா திருப்பித் தரணும். அங்கேயும் ஏமாத்துறாங்க, இல்லேன்னு சொல்லலை. ஆனா ஏமாத்தினா பிடிக்கிறதுக்கு ஒரு நுனி கிடைக்குது.

இதுக்கு வர்ற எதிர்ப்புகளும் எனக்குத் தெரியும். "ஃபீஸும் வாங்கிட்டு, ரிப்பேர்லயும் அடிப்பான், ரெண்டு பக்கமும் நஷ்டம்"னு என் ரூம்மேட்டே சொல்றான். நடக்கலாம்தான். அதனாலதான் ஃபீஸ் கொடுத்தா ஆதாரம் கேட்கணும்னு சொல்றேன். ஆயிரத்து ஐநூறு கொடுத்தவனுக்கு "காட்டுங்க"ன்னு கேட்கிற உரிமை வந்துடுது. வாய் வார்த்தை போதாது, பெல்ட்டைக் கழட்டி ஓட்டின வீடியோவோ, ஃபில்டர்ல இருந்த துணுக்கோ, ஸ்கேனர் திரையோ ஏதாவது ஒண்ணு வேணும். சும்மா பார்த்தவர்கிட்ட அப்படிக் கேட்க நமக்கே வாய் வராது, அவரும் முறைப்பார்.

இன்னொரு பழக்கம் இருக்கு. "செக்கிங் சார்ஜ் ஐநூறு சார், ஆனா எங்ககிட்டேயே வேலை கொடுத்தா பில்லுல கழிச்சுக்குவோம்." கேட்க இனிப்பா இருக்கும். எனக்கு இது பிடிக்கலை. கழிச்சுக்கிறேன்னு சொன்ன அந்த நிமிஷமே, "உள்ளே ஒண்ணும் இல்ல, எடுத்துட்டுப் போ"ன்னு சொல்றதைவிட "செயின் போச்சு"ன்னு சொல்றதுல அவருக்கு லாபம் திரும்பவும் கூடிடுது. பாயும் கழிச்சுக்கிறேன்னார், நான் வேணாம்னுட்டேன். ரெண்டும் தனித்தனி வேலை, தனித்தனி காசு.

"ஏழைங்க என்ன பண்ணுவாங்க?"ங்கிறது மூணாவது எதிர்ப்பு. இது நியாயமான கேள்வி. டாக்சி அண்ணனுக்கு ஆயிரத்து ஐநூறு ஒரு நாள் சம்பாத்தியம். ஆனா 24,000-ஐத் தண்டல் வாங்கிக் கட்டினதும் அவர்தானே? இந்த 'சும்மா' நம்மைவிட அவரைத்தான் பலமா அடிச்சிருக்கு. இன்ஷூரன்ஸும் கை கொடுக்காது, தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் சாதாரண மோட்டார் பாலிசியில இடமே கிடையாது. முழுக்க நம்ம பாக்கெட்டுதான்.

சரி, பார்த்தாச்சு, செயின்தான்னு உறுதியாச்சு. காசு கட்டுற இடத்துல ரெண்டு மூணு விஷயம் மட்டும் சொல்லிடறேன். செயினை மட்டும் மாத்தினா போதும்னு பேரம் பேசாதீங்க. தேய்ஞ்ச ஸ்ப்ராக்கெட், தேய்ஞ்ச கைடு மேல புது செயினைப் போட்டா அதுவும் சீக்கிரம் தேயும். டென்ஷனர், கைடு, ஸ்ப்ராக்கெட், சீல் எல்லாம் சேர்த்து மாத்தச் சொன்னா அது தலையில கட்டுற வேலை இல்ல. ஏன்னா இந்த வேலையில பாதிக்கு மேல உழைப்பு உள்ளே போய்ச் சேர்றதுதான். வெளி பெல்ட், புல்லி, மவுன்ட்டிங் எல்லாம் கழட்டி, சில இன்ஜின்ல சம்ப்பையும் இறக்கி, கவரைத் திறக்கணும். மறுபடி ஒரு தடவை அதே லேபரைக் கட்ட யாருக்கு ஆசை? அதே மாதிரி, கிராங்கையும் கேமையும் பூட்டி வைக்கிற டைமிங் டூல் இருக்கான்னு கேளுங்க. பெயின்ட் மார்க் பண்ணிப் போட்டுடுவேன்னு சொல்றவர்கிட்ட நான் கொடுக்க மாட்டேன். தேய்ஞ்ச செயின்ல மார்க் பண்ணினா தப்பையும் சேர்த்துத்தானே மார்க் பண்றோம்?

பார்ட்டை நாமே புதுப்பேட்டையிலயோ ஜி.பி. ரோட்டுலயோ வாங்கிக் கொடுத்தா மிச்சம்னு ஒரு கணக்கு உண்டு. ஒரு ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சமாகலாம். ஆனா நாளைக்குச் சத்தம் வந்தா "பார்ட் உன்னோடது சார்"னு அவர் கை கழுவிடுவார். டூப்ளிகேட்டா ஒரிஜினலான்னு பெட்டியைப் பார்த்துச் சொல்ற கண்ணும் நமக்குக் கிடையாது. நான் பாயையே வாங்கச் சொல்லி, பில்லை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டேன். கிட் 8,600, லேபர் 7,000, ஆயில், ஃபில்டர், கூலன்ட், சீல் எல்லாம் 3,800. மொத்தம் 19,400. பழைய செயினையும் கைடையும் ஒரு கேரி பேக்ல போட்டுக் கொடுத்தார். கைடுல செயின் ஓடின தடம் ஆழமா பள்ளம் விழுந்திருந்துச்சு. அதைப் பார்த்தப்புறம் கட்டின காசு எனக்கு வலிக்கவே இல்ல.

கொசுறா ஒரு விஷயம், சாஃப்ட்வேர் ஜனங்களுக்குப் பிடிக்கும். ஜெனரல் மோட்டார்ஸோட 3.6 லிட்டர் வி-6 இன்ஜின்கள்ல செயின் சீக்கிரம் தேயுற பிரச்சினை பெருசா கிளம்புச்சு. 2007-லேருந்து 2009 வரைக்கும் வந்த பல மாடலுக்கு, செயினுக்கு மட்டும் 10 வருஷம் இல்லேன்னா 1,20,000 மைல்னு கம்பெனியே தனியா கவரேஜ் நீட்டிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் 2010-களின் தொடக்கத்துல என்ன பண்ணாங்க தெரியுமா? ஆயில் எப்போ மாத்தணும்னு டாஷ்போர்டுல சொல்ற கணக்கு இருக்கே, அதோட சாஃப்ட்வேரை மாத்தி எழுதி, முன்னாடியே மாத்தச் சொல்ற மாதிரி வெச்சாங்க. இரும்புச் செயினுக்கு கோடுல பேட்ச்! அதனால பத்தாயிரம் கிலோமீட்டர்னு மேனுவல்ல போட்டிருந்தாலும், சென்னை டிராஃபிக்ல பாதி நேரம் ஐடில்ல நிக்கிற வண்டிக்கு அதுக்கு முன்னாடியே மாத்திடறது புத்திசாலித்தனம். கிலோமீட்டர் ஓடலேன்னாலும் செயின் சுத்திகிட்டேதானே இருக்கு!

பாயைப் பத்தி இன்னும் ஒண்ணு சொல்லணும். நான் ரெண்டு மூணு தடவை நச்சரிச்சதுல, கடை வாசல்ல ஒரு தகரத்துல 'செக்கிங் சார்ஜ் ரூ.500 முதல்'னு எழுதி மாட்டினார். அந்த வாரமே ரெகுலரா வர்ற ரெண்டு பேர் போர்டைப் பார்த்துட்டு, "என்ன பாய், பெரிய ஆஸ்பத்திரி ஆயிட்டீங்களா?"ன்னு சிரிச்சுட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாங்களாம். போர்டைக் கழட்டி உள்ளே வெச்சுட்டார். இப்போ ஆளைப் பார்த்து வாயால கேட்கிறார், பாதிப் பேர் கொடுக்கிறாங்களாம்.

என் பில்லை எழுதும்போது அந்த ஆயிரத்து ஐநூறையும் எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். பில் புக்கைப் புரட்டினார். 'ஸ்பேர்ஸ்'னு ஒரு கட்டம் இருக்கு, 'லேபர்'னு ஒரு கட்டம் இருக்கு. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடிச்சுகிட்டே யோசிச்சுட்டு, கீழே 'இதர'ன்னு இருந்த இடத்துல எழுதிக் கொடுத்தார்.